தங்கச்சி கல்யாணமும் முதல் ஸ்டாம்பிங்கும்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். எனக்கு அம்பாசமுத்திரம் பக்கம். 2021-ல் டெக்சாஸ் போய் எம்.எஸ். முடித்து, படிப்பு முடித்தவர்களுக்குக் கிடைக்கிற தற்காலிக வேலை அனுமதியான ஓபிடியில் வேலை பார்த்தேன். 2025-ல் எச்-1பி வேலை விசாவுக்கான லாட்டரியில் பேர் விழுந்தது. அமெரிக்காவில் இருந்தபடியே அக்டோபர் 1 முதல் எச்-1பிக்கு மாறியாச்சு. பாஸ்போர்ட்டில் இருப்பது பழைய மாணவர் விசாதான், அதுவும் காலாவதி ஆகிவிட்டது. வரும் ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். பாளையங்கோட்டையில் மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்கள். மெக்சிகோ எல்லைக்குப் போய் ரெண்டு நாளில் ஸ்டாம்பிங் (பாஸ்போர்ட்டில் புது விசா ஒட்டி வாங்குவது) முடித்துவிட்டு நிம்மதியாக ஊருக்குப் போ என்கிறான் ரூம்மேட். சென்னையை விட ஹைதராபாத் ஈஸி என்கிறான் இன்னொருவன். டவுனில் ஒரு ஏஜென்ட், விசா நேர்முகத் தேர்வுக்கு ஸ்லாட் (தேதி) எடுத்துத் தர முப்பதாயிரம் ஆகும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். என் பாஸ்போர்ட் 2027 பிப்ரவரியில் முடிகிறது. அதில் சர்நேம் கிடையாது. நான் எங்கே அப்ளை செய்வது?

பதில்: தம்பி, மூன்று பேர் மூன்று வழி சொல்லியிருக்கிறார்கள். மூன்று பேரும் சொன்னது, எப்படிச் சீக்கிரம் முடியும் என்பதைத்தான். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து இருபது வருஷத்துக்கு மேலாக இந்தப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஸ்டாம்பிங்குக்கு எந்த ஊர் என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த ஊரில் காரியம் ஆறு வாரம் இழுத்துவிட்டால் எங்கே படுப்பீர்கள், யார் சோறு போடுவார்கள், சம்பளம் வருமா? இதற்கு நல்ல பதில் இருக்கிற ஊர்தான் உங்களுக்கான ஊர். உங்கள் விஷயத்தில் அது சென்னை. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன்னால், பல பேர் குழப்பிக்கொள்கிற ஒன்று. உங்களிடம் ஐ-797 என்ற ஒப்புதல் தாள் இருக்கும். அதன் அடியில் ஐ-94, அதாவது எந்தத் தேதி வரைக்கும் தங்கலாம் என்கிற சீட்டு, ஒட்டியிருக்கும். அமெரிக்காவுக்குள் தங்கி வேலை பார்க்கிற அனுமதி அந்தத் தாள்தான். பாஸ்போர்ட்டில் ஒட்டுகிற விசா, உள்ளே நுழைவதற்கு மட்டும். பந்தியில் உட்கார்ந்துவிட்டவனை யாரும் எழுப்ப மாட்டார்கள். கை கழுவ வெளியே போய்த் திரும்பி வரும்போதுதான் வாசலில் யார் வீடு என்று கேட்பார்கள். நாட்டை விட்டு வெளியே வராதவரை, ஐ-94-ல் போட்டிருக்கிற தேதி வரைக்கும் உங்களுக்கு ஸ்டாம்ப் தேவையே இல்லை. ஊருக்கு வருகிறீர்கள் என்பதால்தான் இந்தப் பாடு.

சரி, மெக்சிகோ. உங்கள் ரூம்மேட் சொன்னது ஒரு காலத்தில் நடந்த கதைதான். எல்லை நகரத்துக்குப் பேருந்தில் போய், ஓட்டலில் ரெண்டு ராத்திரி தங்கி, விசாவோடு திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். 2025 செப்டம்பர் 6-ல் அமெரிக்க வெளியுறவுத் துறை அந்தக் கதவை ஏறக்குறையச் சாத்திவிட்டது. தற்காலிக விசாவுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், தாங்கள் குடிமகனாக இருக்கிற நாட்டில் அல்லது வசிக்கிற நாட்டில்தான் நேர்முகத் தேர்வுக்குப் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். வேறு நாட்டில் போட்டால் விசா கிடைப்பது சிரமமாகலாம், கட்டிய பணமும் திரும்பாது என்றும் சேர்த்தே சொல்லிவிட்டார்கள். நீங்கள் வசிப்பது அமெரிக்காவில். அங்கே உள்ளே இருந்துகொண்டு அமெரிக்க விசா வாங்க வழியில்லை. மிச்சம் இருப்பது இந்தியா.

அந்த அறிவிப்பே வராமல் இருந்திருந்தாலும் உங்களுக்கு நான் மெக்சிகோ சொல்லியிருக்க மாட்டேன். செல்லுபடியாகும் அமெரிக்க விசா பாஸ்போர்ட்டில் இருக்கிற இந்தியருக்கு மெக்சிகோ விசா வேண்டாம். உங்களுடையது காலாவதி. அப்படியானால் மெக்சிகோ விசா ஒன்று முதலில் வாங்க வேண்டும். கனடாவுக்கோ, அமெரிக்க விசா இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தியர் தனியாக விசா வாங்கத்தான் வேண்டும். இதை விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஐ-94 செல்லுபடியில் இருக்கிறவர், விசா காலாவதியாகி இருந்தாலும், மெக்சிகோவுக்கோ கனடாவுக்கோ போய் 30 நாளுக்குள் திரும்பி வரலாம் என்று ஒரு சலுகை உண்டு. மாணவர் விசாவிலிருந்து எச்-1பிக்கு உள்ளேயே மாறியவருக்கும் அது பொருந்தும். ஆனால் போன இடத்தில் புது விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டால் சலுகை அந்த நிமிடமே போய்விடும். விசா கிடைத்தால்தான் திரும்ப முடியும். இந்தச் சலுகையை நம்பி மெக்சிகோ போய், போன இடத்தில் ஸ்டாம்பிங்கும் கேட்கிறவன், ஏறின கிளையை அவனே வெட்டுகிறான்.

சங்கரன்கோவில் பக்கத்துப் பையன் ஒருவன் அப்படித்தான் மாட்டினான். சில வருஷத்துக்கு முந்தி நடந்தது. ஒரு எல்லை நகரத்துத் தூதரகத்தில் நேர்முகத் தேர்வு நல்லபடியாகத்தான் முடிந்தது. கடைசியில் கையில் ஒரு தாளைக் கொடுத்து, கூடுதல் பரிசீலனை என்று சொல்லிவிட்டார்கள். 221(ஜி) என்று நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். கையில் மூன்று சட்டை, ஒரு லேப்டாப், ஸ்பானிஷ் ஒரு வார்த்தை தெரியாது. அங்கிருந்து வேலை பார்க்கக் கம்பெனி விடவில்லை. மூன்றாவது வாரம் ராத்திரி ஒரு மணிக்கு எனக்குப் போன் அடித்தான். ஊருக்கே வந்துவிடு என்றேன். வருவதிலும் ஒரு சிக்கல்: விசா இல்லாததால் அமெரிக்கா வழியாக விமானம் மாறக்கூட முடியாது. ஐரோப்பா வழி என்றால், மாறுகிற நாட்டின் டிரான்சிட் விதியைப் பார்த்து டிக்கெட் போட வேண்டும். சுற்றி வளைத்து வந்து சேர்ந்தான். வீட்டில் இருந்தபடியே அடுத்த விண்ணப்பம் போட்டு, கடைசியில் விசாவும் கிடைத்தது. இப்போது நன்றாக இருக்கிறான். அந்த மூன்று வாரத்தில் அவன் இளைத்த இளைப்பு அவன் அம்மாவுக்குத்தான் தெரியும்.

இதே 221(ஜி) சென்னையில் கொடுத்தால் என்ன ஆகும்? எழும்பூரில் ரயில் ஏறுவீர்கள். காலையில் அம்மா கையால் காப்பி. கவலை இருக்கும், ஆனால் ஓட்டல் வாடகை ஏறாது. நான் ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது இந்தக் கணக்கில்தான்.

அடுத்தது ஹைதராபாத். இந்தியாவில் அமெரிக்க விசா நேர்முகத் தேர்வு நடப்பது ஐந்து ஊரில்: டெல்லி, மும்பை, சென்னை, ஹைதராபாத், கொல்கத்தா. மதுரையில் ஒன்று வைத்தால் என்ன என்று என் ஆபீசுக்கு வருகிற பெரியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. ஐந்தில் எங்கே வேண்டுமானாலும் நீங்கள் போடலாம். இந்த ஊர் ஈஸி, அந்த ஊர் கஷ்டம் என்பது டீக்கடைப் பேச்சு. ஒரே சட்டம், ஒரே படிவம், ஒரே கேள்விகள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அன்றைக்கு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது எந்த ஊரிலும் உங்கள் கையில் இல்லை. ஹைதராபாத்தில் சென்னையை விட ஒரு மாதம் முன்னால் தேதி கிடைத்தால் தாராளமாக எடுங்கள், அது தேதிக்காக. ஈஸி என்பதற்காகப் போக வேண்டாம்.

தேதி ரெண்டும் பக்கம் பக்கமாக இருந்தால் சென்னைதான். காரணம் சாதாரணமானது. வேலை ரெண்டு நாள். ஒரு நாள் விசா விண்ணப்ப மையத்தில் கைரேகையும் போட்டோவும், இன்னொரு நாள் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கிற தூதரகத்தில் நேர்முகத் தேர்வு. உள்ளே செல்போன், பை எதுவும் விட மாட்டார்கள். வெளியே போனைப் பிடித்துக்கொண்டு நிற்க மாமா மகன் ஒருவன் சென்னையில் இல்லாத நெல்லைக்காரர் உண்டா? ஏதாவது ஒரு தாள் விட்டுப்போய் மறுபடி கூப்பிட்டாலும், ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் விடிய எழும்பூர். பகலில் வந்தே பாரத் இருக்கிறது, எட்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இனி, காலக் கணக்கு. மாணவர் விசா வாங்கிய அனுபவத்தை வைத்து இதை எடைபோடாதீர்கள், நிலவரம் மாறிவிட்டது. 2025 டிசம்பர் 15 முதல் எச்-1பி, அவர்கள் குடும்பத்தாருக்கான எச்-4 விண்ணப்பதாரர்கள் அனைவரின் சமூக வலைத்தளக் கணக்குகளையும் பார்க்கிறார்கள். கணக்குகளை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வேலைப்பளுவில் இந்தியாவில் டிசம்பருக்குக் கொடுத்திருந்த நேர்முகத் தேதிகள் பலவும் மாதக்கணக்கில் தள்ளிப்போயின. கல்யாணத்துக்கு, கோயில் கொடைக்கு என்று ரெண்டு வார லீவில் வந்தவர்கள் இங்கேயே மாட்டிக்கொண்டார்கள். நீங்கள் டிஎஸ்-160 என்கிற விசா விண்ணப்பப் படிவத்தில் கடந்த ஐந்து வருஷத்துச் சமூக வலைத்தளக் கணக்குகளை எழுத வேண்டும். மறந்துபோன பழைய கணக்கு இருந்தால் அதையும் எழுதுங்கள். பயந்துபோய் எல்லாவற்றையும் இப்போது அழிக்க வேண்டாம். திடீரென்று காலியாக இருக்கிற கணக்குதான் கண்ணை உறுத்தும். உங்கள் ரெஸ்யூமில் ஒரு கம்பெனியும் லிங்க்ட்இன்னில் வேறு கம்பெனியும் இருந்தால் அதை முதலில் சரி செய்யுங்கள்.

டிராப்பாக்ஸ், அதாவது நேர்முகத் தேர்வு இல்லாமல் தாள்களை மட்டும் கொடுத்து விசா வாங்கலாம், என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். 2025 செப்டம்பர் 2-லிருந்து எச்-1பிக்கு அந்த வழி இல்லை, எல்லோரும் நேரில்தான் போக வேண்டும்.

உங்கள் அப்பா பேப்பரில் எச்-1பிக்கு லட்சம் டாலர் கட்டணம் என்று படித்துவிட்டுத் தூக்கம் கெட்டிருக்கலாம். 2025 செப்டம்பர் 21-லிருந்து அமலான அது, கம்பெனிகள் புதிதாகப் போடுகிற எச்-1பி மனுக்களுக்கு. உங்கள் மனு அதற்கு முன்பே போட்டது. உள்ளே இருந்தபடியே நிலை மாறியவர்கள் பிறகு வெளியே போய் விசா கேட்டாலும் அந்தக் கட்டணம் கிடையாது என்று குடியேற்றத் துறையும் அக்டோபரில் விளக்கம் கொடுத்துவிட்டது. உங்களுக்கு விசாக் கட்டணம் 205 டாலர். அதை அப்பாவிடம் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஏஜென்ட் விஷயம். அந்த முப்பதாயிரத்தில் தங்கச்சிக்கு ஒரு பட்டுச் சேலை எடுக்கலாம். ஸ்லாட் விற்கிறவர்கள் உங்கள் கணக்கின் பாஸ்வேர்டை வாங்கி, கம்ப்யூட்டர் நிரலை வைத்துத் தளத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். 2025 மார்ச்சில் இப்படிப் பதிவான சுமார் 2,000 நேர்முகத் தேதிகளை டெல்லி தூதரகம் ஒரே அடியாக ரத்து செய்தது. பணம் போனால் கூடப் பரவாயில்லை. கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்னால் கணக்கு முடங்கினால் என்ன செய்வீர்கள்? நீங்களே பதியுங்கள். நேரம் மாறி இருப்பதால் உங்களுக்கு ஒரு வசதிதான், எங்கள் ஊரில் ஜனம் தூங்குகிற நேரம் நீங்கள் தளத்தைப் பார்க்கலாம். இன்னொன்று, தேதியை மாற்ற 2025 ஜனவரியிலிருந்து ஒரு தடவைதான் இலவசம். அதற்கு மேல் மாற்றினால் கட்டணத்தை மறுபடி கட்ட வேண்டும். அதனால் கிடைத்த தேதியை எல்லாம் பிடித்துப் பிடித்து மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

இப்போது பாஸ்போர்ட். நீங்கள் கடைசியாக ஒரு வரியில் எழுதியதுதான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. 2027 பிப்ரவரியில் முடிகிற பாஸ்போர்ட்டோடு நீங்கள் திரும்பிப் போனால், விமான நிலையத்து அதிகாரி ஐ-94-ஐ அந்தத் தேதி வரைக்கும் மட்டும் போட்டுவிடலாம். ஐ-797 இன்னும் ரெண்டு வருஷம் ஓடினாலும் கணக்கு ஐ-94-தான். கவனிக்காமல் விட்டு, மார்ச் மாதத்தில் அனுமதி இல்லாமல் வேலை பார்ப்பவராக ஆனவர்கள் உண்டு. அதனால் அமெரிக்காவில் இருக்கும்போதே, அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாக இப்போதே பாஸ்போர்ட்டைப் புதுப்பியுங்கள். புது எண் கையில் வந்த பிறகு டிஎஸ்-160-ஐ நிரப்புங்கள். இங்கே வந்து திருநெல்வேலி சேவா மையத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினால், போலீஸ் விசாரணை ஒருபக்கம், விசா தேதி ஒருபக்கம் என்று கல்யாண வீட்டில் அலைவீர்கள். பழைய பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், மாணவர் விசா அதில்தான் இருக்கிறது.

புதுப்பிக்கும்போது ஒரு ஆசை வரும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்பா பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல், சர்நேம் என்று ஒன்று வீட்டில் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டம் காலியாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பேரை சர்நேம் கட்டத்தில் போட்டு, பேர் கட்டத்தில் எஃப்என்யு என்று அடித்துவிடுவார்கள். பேர் தெரியவில்லை என்று அர்த்தம். இசக்கிமுத்து என்று குலசாமி பேரை வைத்த பிள்ளைக்கு அங்கே போனதும் எஃப்என்யு இசக்கிமுத்து. கிரெடிட் கார்டில் கூட அப்படியே அச்சடித்து அனுப்புவார்கள். என்னிடம் வந்த ஒரு பையனை ஆபீசில் எல்லோரும் ‘ஃப்னு’ என்றே கூப்பிட்டார்களாம். எரிச்சலாகத்தான் இருக்கும். புது பாஸ்போர்ட்டில் அப்பா பேரைச் சர்நேமாகச் சேர்த்துவிடலாம் என்று தோன்றும். இந்தப் பயணத்துக்கு முன்னால் வேண்டாம். ஐ-797-ல் ஒரு பேர், பாஸ்போர்ட்டில் ஒரு பேர் என்று ஆனால் தூதரக ஜன்னலில் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு எழுத்து கூட மாறாமல் பழையபடியே புதுப்பியுங்கள். பேர் திருத்துவதைப் பிறகு, கம்பெனி வக்கீலைக் கேட்டுக்கொண்டு ஆற அமரச் செய்யலாம். பள்ளிக்கூடச் சான்றிதழில் இ-யில் தொடங்கி டிகிரியில் ஐ-யில் தொடங்குகிற மாதிரி ஆங்கில எழுத்து மாறியிருந்தால், அதையும் இப்போதே வக்கீலுக்குச் சொல்லி வையுங்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் பெரிதாகப் பயப்பட ஒன்றும் இல்லை. மாணவர் விசாவுக்குப் போனபோது, திரும்பி வருவேன் என்று நிரூபிக்க நிலப் பத்திரம் முதற்கொண்டு தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். எச்-1பிக்கு அந்தப் பேச்சே இல்லை, அங்கேயே தங்கிவிடும் எண்ணம் இருந்தாலும் சட்டம் தடுப்பதில்லை. கேட்பது வேலையைப் பற்றி: என்ன வேலை, யாருக்கு, எங்கே உட்கார்ந்து, எவ்வளவு சம்பளம், படித்த படிப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு. மனுவின் முழு நகலைக் கம்பெனியிடம் வாங்கி, ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள். அதில் எழுதியிருக்கிற பதவியின் பேரே தெரியாமல் போய் நிற்கிறவர்கள்தான் அதிகம். வேறு கம்பெனியின் இடத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கிறீர்கள் என்றால் அந்த இடத்துக் கடிதமும் வேண்டும். ஓபிடி அட்டை, கல்லூரி கொடுத்த ஐ-20, சம்பளச் சீட்டு, வருமான வரித் தாள் எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும்.

ஆவணியை வைத்து இப்படிப் பாருங்கள். ஸ்லாட்டை முதலில் எடுங்கள், விமான டிக்கெட் அதற்குப் பிறகு. தேதி முகூர்த்தத்துக்கு மூன்று நாலு வாரம் முன்னால் அமைந்தால் ரொம்ப நல்லது. கூடுதல் பரிசீலனை என்று போனால் கூட அது ஒருபக்கம் ஓட, நீங்கள் பத்திரிகை கொடுத்துக்கொண்டிருக்கலாம். முகூர்த்தம் முடிந்த அடுத்த வாரம்தான் தேதி என்றால் வாருங்கள், ஆனால் ரெண்டு மாதம் இங்கே இருக்க நேர்ந்தாலும் வேலையை வைத்திருப்போம் என்று மேனேஜரிடம் மெயிலில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். இங்கிருந்து லாகின் செய்ய எல்லாக் கம்பெனியும் விடாது, சம்பளம் இல்லாத லீவா என்பதையும் அதிலேயே கேளுங்கள். அங்கே வீட்டு வாடகைக்கும் கார் தவணைக்கும் மூன்று மாதப் பணம் பேங்கில் கிடக்கட்டும்.

ஸ்லாட்டே கிடைக்கவில்லை, கம்பெனியும் கையை விரிக்கிறது என்றால்? இதைச் சொல்ல எனக்கே மனசு வரவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஆடி பிறக்கும்வரை பாருங்கள். அதற்குள் தேதி அமையாவிட்டால், வருவதா வேண்டாமா என்று தங்கச்சியிடமே கேட்டு முடிவு செய்யுங்கள். அண்ணன் வேலையைத் தொலைத்துவிட்டு மணமேடைக்குப் பக்கத்தில் நிற்பதை அவளும் விரும்ப மாட்டாள். இதை அப்பாவிடம் கேட்டால் வா என்றுதான் சொல்வார், அவருக்கு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டில் இன்னொன்றும் சொல்லி வையுங்கள். 221(ஜி) கொடுத்தால், விசா நிலவரம் பார்க்கிற இணையதளத்தில் ‘மறுக்கப்பட்டது’ என்றுதான் காட்டும். பரிசீலனை முடிகிறவரை அது அப்படியேதான் இருக்கும், முடிந்த பிறகு மாறும். போன வருஷம் ஒரு அம்மா அந்த ஒரு வார்த்தையைப் பார்த்துவிட்டு, மகன் வாழ்க்கையே போச்சு என்று என் ஆபீசில் வந்து அழுதார். மூன்று வாரத்தில் பாஸ்போர்ட் விசாவோடு வந்தது.

விசா வந்ததும் பேர், பாஸ்போர்ட் எண், மனு முடிகிற தேதி மூன்றையும் அங்கேயே நின்று பாருங்கள். திரும்பிப் போக, சென்னைக்கு ஓடாமல் திருவனந்தபுரத்தில் ஏறலாம், நமக்கு அதுதான் பக்கம். அபுதாபி வழி என்றால் அமெரிக்கக் குடிவரவுச் சோதனை அபுதாபியிலேயே முடிந்துவிடும். இறங்கினதும் இணையத்தில் ஐ-94-ஐ எடுத்து, ஐ-797-ல் இருக்கிற தேதியும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள்.

விதிகள் மாதத்துக்கு ஒன்றாக மாறுகிற காலம் இது. பணம் கட்டுவதற்கு முந்தின நாள் தூதரகத் தளத்தை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள். அப்புறம், பழைய மாணவர் விசாப் பக்கத்தையும் ஐ-797-ஐயும் போட்டோ எடுத்து அப்பாவிடம் கொடுத்து அனுப்புங்கள். ரெண்டிலும் எஃப்என்யு எந்தக் கட்டத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்த பிறகு டிஎஸ்-160-ல் பேரை எப்படி நிரப்புவது என்று சொல்கிறேன்.